வெள்ளிக் காசில் ஒரு கைரேகை

நான் வாங்கிய முதல் நினைவு நாணயம் வெள்ளி மேல் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. அது பொய் சொல்கிறதா என்று பார்க்கத்தான் வாங்கினேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஆலை ஒன்றில் பதினேழு வருடமாக லேப் கெமிஸ்டாக இருக்கிறேன். உலையிலிருந்து ஒரு கரண்டி உருக்கு எடுத்து ஆறவைத்துக் கொண்டுவருவார்கள். அதில் கரி எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று நான் சொன்ன பிறகுதான் அது வார்ப்புக்குப் போகும். ஸ்கிராப் லாரி உள்ளே வந்தாலும் நான்தான் போய்ப் பார்க்க வேண்டும். மேலே இரும்பும் அடியில் மண்ணுமாக வரும். தண்ணீர் ஊற்றி எடை ஏற்றிய கட்டுகள் வரும். போன வருடத்துச் சான்றிதழில் தேதியை மட்டும் திருத்திக்கொண்டு ஆட்கள் வருவார்கள். எதையும் எளிதில் நம்புகிறவள் இந்த வேலையில் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டாள். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. "கல்யாணத்தப்போ உன் கையில அந்த மிஷின் இல்லாதது என் நல்ல நேரம்" என்று என் கணவர் சொல்வார்.

அவர் சொல்வது உலோகத்தைப் பிரித்துச் சொல்லும் கருவியை. பார்க்கத் துப்பாக்கி போல இருக்கும். மூக்கை ஒரு பொருளின் மேல் வைத்து விசையை அழுத்தினால் சில நொடிகளில் அதில் என்னென்ன உலோகம், எத்தனை சதவீதம் என்று சின்னத் திரையில் வந்துவிடும்.

ஒருநாள் செய்தித்தாளில் அரசு நாணயச்சாலை வெளியிடும் நினைவு நாணயம் பற்றி ஒரு துண்டுச் செய்தி. முப்பத்தைந்து கிராம். குறுக்களவு நாற்பத்து நான்கு மில்லிமீட்டர். வெள்ளி ஐம்பது, செம்பு நாற்பது, நிக்கல் ஐந்து, துத்தநாகம் ஐந்து. எங்கள் ஆலைக்கு வரும் எந்தச் சான்றிதழிலும் இப்படி வட்டமான எண்கள் இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவேன். பணம் கட்டினேன். நாலு மாதம் கழித்துத் தபாலில் பெட்டி வந்தது. மதிய உணவு நேரத்தில் லேப் கதவைச் சாத்திவிட்டுக் கருவியை வைத்தேன். தசமப் புள்ளிக்குப் பிறகு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது, அவ்வளவுதான். ஒரு பொருள் தன்னைப் பற்றிச் சொன்னது அப்படியே உண்மையாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அது பிடித்துப்போனது.

அப்போது லேபுக்குள் வந்தவர்தான் கிரேன் அண்ணன். உருகிய இரும்பு நிறைந்த கொப்பரையை உலையிலிருந்து வார்ப்பு மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் மேல்நிலைக் கிரேனை ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், சன்னமான ஆள். அவர் அப்பா இதே கும்மிடிப்பூண்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். அந்த வயல்கள் எல்லாம் ஆலைகளாக மாறிய பிறகு மகன் ஆலைக்கு வந்தார். மேஜைமேல் இருந்த காசைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ப்ரூஃபாம்மா?" என்றார். "மூஞ்சத் தொட்டுடாதம்மா. ஓரத்துல புடி."

நினைவு நாணயத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று சாதாரணமாக அடித்தது. இன்னொன்று ப்ரூஃப். இதன் தரை கண்ணாடி போல இருக்கும், உருவம் மட்டும் பனி படிந்தது போல மங்கலாக எழுந்து நிற்கும். அந்தக் கண்ணாடித் தரையில் விரல் பட்டால் ரேகை நாளடைவில் கருத்து, பிறகு போகவே போகாது. அதனால் நாணயத்தை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத்தான் அனுப்புவார்கள். இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு முன்னால் எட்டு வருடமாக அவர் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆலையில் யாருக்கும் சொன்னதில்லை.

அதன்பிறகு நாங்கள் சேர்ந்தே புக் செய்தோம். நாணயச்சாலையின் இணையதளத்தில் விற்பனை திறக்கும் நாளன்று மதியம் லேப் கம்ப்யூட்டரில் எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. பெட்டி வந்ததும் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கியில் பார்ப்போம். ஈரம் புகாமல் இருக்க, லேபில் மிச்சமாகும் ஈரம் உறிஞ்சும் மணிகளை வடிகட்டித் துணியில் சின்னப் பையாகத் தைத்து ஒவ்வொரு பெட்டிக்கும் கொடுப்பேன், உபரியாக ஒன்றிரண்டும் சேர்த்து. எங்கள் வீட்டுத் தையல் டப்பாவில் பச்சை நூல்தான் எப்போதும் நிறைய இருக்கும்.

இணையத்தில் தவறிப்போனவற்றுக்குத் திருவள்ளூர் தேரடிப் பக்கம் ஒரு பாய் இருந்தார். வெளியே பார்த்தால் ஜெராக்ஸ் கடை. உள்ளே, லேமினேஷன் மிஷினுக்குப் பின்னால், காசு ஆல்பங்கள். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். அங்கே மணலில் கிடைத்தது என்று சொல்லி ஊருக்கு ஊர் விற்கும் டச்சுக் காசுகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். "பத்து கொண்டாந்தா ஒம்பது டூப்பும்மா. மிச்சம் ஒண்ணு டூப்பா இல்லியான்னு சொல்ல முடியாது" என்பார். நான் முதல் தடவை வாங்கியபோது ஒரு போலி நாணயத்தையும் சும்மா கொடுத்தார். அளவு, ஓரத்துப் பற்கள் எல்லாம் அசல் போலவே இருக்கும். ஆனால் அசோகத் தூண் சிங்கங்களுக்குப் பூனை முகம். "ஒரிஜினல் எதுன்னு தெரியணும்னா டூப்பு ஒண்ணு கையில இருக்கணும்" என்றார். அந்தப் பூனைக் காசைக் கிரேன் அண்ணனிடம் காட்டி எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம்.

பாய் நேர்மையானவரா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவரிடம் வாங்கிய ஒவ்வொரு காசையும் மறுநாள் கருவியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை. அதனாலேயே சந்தேகம் குறைந்ததில்லை. எப்போதாவது ஒருநாள் தவறப்போகிறார், அன்றைக்கு நான் விழிப்பாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும்.

ஒரு நாணயம் மட்டும் எனக்குத் தவறியது. குறைந்த எண்ணிக்கைதான் அடிக்கப்போகிறார்கள் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். விற்பனை திறந்த நாளில் மாமியாருக்குக் காய்ச்சல், நான் லீவில் இருந்தேன். மறுநாள் பார்த்தால் முடிந்துவிட்டது. அண்ணன் தன் மனைவியின் தம்பியை வைத்து போனில் ஒன்று போட்டுவிட்டதாகச் சொன்னார். சரி, அவருடையதையாவது பார்க்கலாம் என்று இருந்தேன். மாதங்கள் ஓடின. மற்றவர்களுக்கு வந்துவிட்டதாக இணையத்தில் படங்கள் வரத் தொடங்கின.

"உங்களது வந்துதா அண்ணே?" என்று கேட்டேன்.

"எனக்கு கேன்சலாயிட்ச்சும்மா. டப்பு திரும்பி வந்துட்ச்சு. வுடு, அடுத்ததுல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்குத் தெரிந்து யாருக்கும் அப்படிக் கேன்சலானதில்லை. ஆனால் அவர் சொன்னதைச் சோதிக்க என்னிடம் கருவி இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பாயிடமிருந்து போன். "நீ கேட்டுக்கினு இருந்தியே, அந்த ப்ரூஃபு ஒண்ணு வந்துகீதும்மா. உனக்குனு எடுத்து வெச்சிகீறேன்."

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் வேப்பிலையும் மஞ்சள் புடவையுமாக நிற்க இடமில்லை. கோயிலருகே பாதிக் கூட்டம் இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. திருவள்ளூரில் பாய் பெட்டியை மேஜைமேல் வைத்தார். நாணயச்சாலை விலைபோல மூன்று மடங்கு கேட்டார்.

"பில்லு இருக்கா பாய்?"

"பில்லு பார்ட்டி கையில கீது. அப்பறமா வாங்கித் தரேன்."

"எந்த பார்ட்டி?"

அவர் லேமினேஷன் மிஷினின் ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தார். "அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா. நீ வித்தா உன் பேர நான் சொல்லுவனா?"

வாங்கிவிட்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் வராத ஒரு பொருளை நான் அதுவரை வாங்கியதே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில், ஜன்னல் வெளிச்சத்தில் கூட்டைச் சாய்த்துப் பார்த்தேன். நாணயத்தின் கண்ணாடித் தரையில், நட்ட நடுவில், ஒரு பெருவிரல் ரேகை. தெளிவான, முழு ரேகை. நாணயச்சாலையிலிருந்து அப்படி வராது. யாரோ கூட்டைத் திறந்திருக்கிறார்கள். திறந்தவர் காசைப் பற்றி ஒன்றும் தெரியாதவராக இருக்க வேண்டும், இல்லை வேறு காசை மாற்றி வைக்கிற அவசரத்தில் இருந்திருக்க வேண்டும். என் கணவர் எட்டிப் பார்த்தார். "இவ்ளோ டப்புக்கு ஒரு ஜோடி கொலுசு வாங்கியிருந்தீனா காலுலயாவது கெடந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்களன்று கையுறை போட்டுக் காசை வெளியே எடுத்துக் கருவியில் வைத்தேன். வெள்ளி ஐம்பது. செம்பு நாற்பது. எடை சரி, குறுக்களவு சரி, தடிமன் சரி. அசல்தான்.

போலியாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போலி என்றால் கதை அங்கே முடிந்தது, பாய்மேல் கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம். அசல் காசு, திறந்த கூடு, பில் இல்லை, விற்றவர் பெயர் சொல்லக் கூடாது என்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். திருட்டுப் பொருள். யார் வீட்டுப் பீரோவிலிருந்தோ எடுத்தது. பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், பில்லு வேணும்."

"வாங்கித் தரேம்மா."

"எப்ப?"

"ஒரே பேஜாரா கீதும்மா உன்னோட. பிடிக்கலைனா திருப்பிக் குடுத்துடு. டப்பு திருப்பித் தந்துடறேன்." வைத்துவிட்டார்.

திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் அன்றைக்குப் பெட்டியை மறுபடி எடுத்தேன். வெல்வெட் தட்டு கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. சரிசெய்யக் கிளப்பினேன். அடியில் ஒரு சின்னத் துணிப்பை. வடிகட்டித் துணி, பச்சை நூல், ஓரத்தில் நான் போடும் இரட்டைத் தையல்.

அப்படிப்பட்ட பையை நான் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் கொடுத்திருக்கிறேன்.

கேன்சலானது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர், அதே காசைப் பாயிடம் கொடுத்திருக்கிறார், பாய் அதை எனக்கே மூன்று மடங்கு விலைக்கு விற்றிருக்கிறார். எனக்கு அது எவ்வளவு வேண்டும் என்று அண்ணனுக்குத் தெரியும். கடையில் நான் எவ்வளவு வரை போவேன் என்று பாய்க்குத் தெரியும். இருவரும் சேர்ந்து செய்ததாகத்தான் எனக்குப் பட்டது. பாய்மேல் வராத ஆத்திரம் அவர்மேல் வந்தது.

அதன்பிறகு அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். கவனித்தால் எல்லாமே கோணலாகத் தெரிந்தது. இரண்டு மூன்று மாதமாக அவர் லேபுக்கே வரவில்லை. ரிப்போர்ட் சீட்டு வாங்க வேறு ஆளை அனுப்பினார். எதிரில் நான் வந்தால் நான் கூப்பிடுகிற வரை முகத்தைத் திருப்பவில்லை. கேன்டீனில் எப்போதும் ஒரே மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கடைசியாக நாங்கள் சேர்ந்து ஒரு புக்கிங் போட்டபோது, "நீயே என்துயும் அடிச்சிடும்மா, உன் விரலு ஸ்பீடா போவுது" என்று நகர்ந்து நின்றது நினைவுக்கு வந்தது. எனக்குத் தெரியாமல் எதையோ செய்துகொண்டிருக்கிற மனிதன் இப்படித்தான் இருப்பான் என்று எனக்குள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக்கொண்டேன்.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு பொறி வைத்தேன்.

பூனை முகக் காசை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். என் கணக்கு இதுதான்: தவறவிட்ட நாணயத்தைப் பாயிடம் வாங்கிவிட்டேன் என்று சொல்லி இந்தப் போலியைக் காட்டுவேன். பார்த்ததும் அவர் அதிர்ந்துபோவார். தான் கொடுத்த அசலை வைத்துக்கொண்டு பாய் எனக்கு இன்னொரு பூனைப் போலியைத் தள்ளிவிட்டார் என்று நினைத்து, 'இது அது இல்லியே' என்று வாயை விடுவார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும்.

நாஷ்டா முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அந்தக் காசு கெடச்சிட்ச்சு. பாய்கிட்ட வாங்கினேன். பாருங்க."

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தைப் பிடித்து வாங்கினார். நகத்தால் ஓரத்துப் பற்களை ஒரு சுற்று தடவினார். முகத்துக்கு நேரே தூக்கினார்.

"சூப்பரா கீதும்மா" என்றார். "தரை பாரு, கண்ணாடி மாரி. சிங்கத்த எவ்ளோ நுணுக்கமா எறக்கிகீறான் பாத்தியா."

முதலில், எப்பேர்ப்பட்ட நடிகர் என்று நினைத்தேன். எத்தனையோ தடவை சிரித்த அந்தப் பூனை முகத்தைப் பார்த்துக்கொண்டே, கண் இமைக்காமல் பொய் சொல்கிறார். காசை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். என் கை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். பிறகு டீ கிளாஸுக்காக அவர் கை மேஜையின் மேல் மெல்ல ஊர்ந்து போனது. விரல் நுனி கிளாஸில் பட்டதும் நின்றது. பிடித்தது.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை.

ஷிப்ட் மணி அடித்தது. அவர் எழுந்து போனார். நான் லேபுக்குத் திரும்பவில்லை. உலைக்கூடத்தின் ஓரத்தில் நின்று பார்த்தேன். ஏணியில் ஏறி, கூண்டுக்குள் உட்கார்ந்து, பன்னிரண்டு டன் கொதிக்கும் உருக்கைத் தூக்கினார். கீழே கொப்பரையைப் பார்த்தபடி ஏழு பேர் நின்றிருந்தார்கள். கொப்பரை ஒரு சொட்டு சிந்தாமல் மேடைக்கு வந்து இறங்கியது. அதைப் பார்த்தால் அவரைப்போல் கண் யாருக்கும் இல்லை என்றுதான் எவரும் சொல்வார்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் திருவள்ளூர் போனேன். பாயிடம் துணிப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இது நான் தெச்சது பாய். அவருக்கு இன்னா ஆச்சு?"

பாய் பையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு கடை வாசலில் ஜெராக்ஸுக்கு நின்றவரை அரை மணி கழித்து வரச் சொல்லி அனுப்பினார்.

"சக்கரை, கண்ணத் தின்னுக்கினு இருக்கு. இடது கண்ணு போயிட்ச்சு. வலதுல நடுவுல ஒரு கறுப்பாம், சுத்தியும்தான் தெரியுதாம். மொத்தப் பெட்டியையும் கொண்டாந்து போட்டுட்டாரு. பாக்க முடியாதவன் கையில இது எதுக்கு பாய்னாரு. கடசியா வந்தத மட்டும் தெறந்து வெரலால தடவிப் பாத்துகீறாரு. தப்புதான், பண்ணிட்டேன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கம்பெனிக்காரி இல்ல? அவரு கிரேன்ல கீறாரு. இந்த ஒண்ண மட்டும் உனக்குக் குடுக்கச் சொன்னாரு, நீ தவறவுட்டியாமே."

"மூணு மடங்குக்குக் குடுக்கச் சொன்னாரா?"

பாய் என்னை நேராகப் பார்த்தார். "இல்ல. வாங்கின வெலைக்குக் குடுக்கச் சொன்னாரு. நான் யாவாரி."

அதில் வெட்கம் இல்லை, மன்னிப்பும் இல்லை. அன்றைக்கு அது ஒன்றுதான் எனக்கு நம்பும்படியாக இருந்தது. கடையிலிருந்து இறங்கி நடந்தேன்.

அந்த ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அவர் மனைவி டீ போட்டார். அண்ணன் அவரைப் பால் வாங்க அனுப்பினார். அடுப்பின் பக்கத்தில் பால் இருந்ததை நான் பார்த்திருந்தேன்.

"பாய் சொல்லிட்டாரா?" என்றார்.

"நான் கண்டுபிடிச்சேன். பூனைக் காச உங்க கையில குடுத்தேன்."

அவர் வலது கையைத் தூக்கிப் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார், அந்தக் காசு இன்னும் அங்கே இருப்பது போல.

"வருசா வருசம் கண்ணு டெஸ்ட் பண்ணாங்களே, எப்பிடிணே?"

"அந்த எழுத்து போர்டு மனப்பாடம்மா. ஏழு வருசமா அதே போர்டு." சிரிக்கப் பார்த்தார். "கிரேன் எனக்குக் கண்ணு இல்லாமயே ஓடும். எத்தினி நொடியில மேடை வரும்னு தெரியும். கீழ நிக்கறவன் விசில்ல ஹூக்கு எங்க கீதுன்னு தெரியும். இன்னும் மூணு வருசம்தான்."

"விசில் ஊதறவன் ஒருநாளு தூங்கிட்டா?"

கிளாஸைத் தடவித் தரையில் வைத்தார்.

"நாளைக்கு நீங்களே போயி சொல்லுங்கணே. கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க. வேற வேல குடுப்பாங்க."

"குடுக்கலைனா?"

குடுப்பாங்க என்று மறுபடி சொன்னேன். எனக்கே அது நம்பிக்கையாக ஒலிக்கவில்லை.

"நான் சொல்லலைனா நீ சொல்லுவியா?" என்று கேட்டார்.

"சொல்லுவேன்."

அவர் மனைவி பாலோடு வந்தார். நாங்கள் இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஏணியடியில் போய் நின்றேன். அவர் வந்தார். என்னைக் கடக்கும்போது கொஞ்சம் தயங்கினார். என் உருவம் தெரிந்ததா, லேபின் அமில வாசனையை வைத்துக் கண்டுகொண்டாரா, தெரியாது. நான் விலகி நின்றேன். அவர் ஏணியைப் பிடித்தார். ஏறினார். கூண்டின் கதவு சாத்திய சத்தம் கேட்டது.

முதல் கொப்பரை தூக்குவதற்கு முன் நான் மேலாளர் அறையில் இருந்தேன்.

கிரேனை நிறுத்தச் சொல்லி வயர்லெஸ்ஸில் உத்தரவு போனது. அவர் இறங்கி வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஒவ்வொரு படியாக, உதடு அசைய, எண்ணிக்கொண்டு இறங்கினார். அதுநாள்வரை அந்த உதடு அசைவதை யாரும் கவனித்ததில்லை. அன்றைக்குக் கூடமே கவனித்தது. மேலாளர் ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக ஒரு எண்ணை எழுதி, மூன்றடி தள்ளிப் பிடித்து, என்ன என்று கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. என் பக்கம்கூடத் திரும்பவில்லை.

வேலை போகவில்லை. எடைமேடையில் லாரிகளுக்கு டோக்கன் கொடுக்கும் இடத்தில் போட்டார்கள், சம்பளத்தில் கொஞ்சம் குறைத்து. சென்னையில் கண்ணாஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள். வலது கண்ணில் மிச்சமிருப்பதைக் காப்பாற்றியாகிவிட்டது, இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு யாரும் நேரில் வந்து சொல்லவில்லை. கூடத்தில் நான் நடந்தால் பேச்சு குறைந்தது. "காட்டிக் குடுத்துச்சே, அந்த அக்கா" என்று ஒருவன் இன்னொருவனுக்கு அடையாளம் சொன்னது என் காதில் விழுந்தது. கொப்பரைக்குக் கீழே நிற்கிற ஏழு பேரில் அவனும் ஒருவன்.

நான் செய்தது சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எதற்காகச் செய்தேன் என்பதில் இருக்கிறது. அந்த ஏழு பேருக்காகவா? கேன்சலானது என்று என்னிடம் சொன்ன அந்தப் பொய்க்காகவா? மேலாளர் அறைக்குப் போகும்போது என் நடையில் ஒரு வேகம் இருந்தது. ஸ்கிராப் லாரியில் மண்ணைக் கண்டுபிடித்துவிட்டு ஆபீஸுக்குப் போகும்போது வருமே, அதே வேகம். அதை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிப்பதில்லை. இதைச் சோதித்துச் சொல்ல ஒரு கருவியும் கிடையாது.

அதன்பிறகு நாணயம் எதையும் நான் புக் செய்யவில்லை. பாய் இரண்டு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், அண்ணனின் மனைவி ஆலை கேட்டில் நிற்பதாக வாட்ச்மேன் சொன்னார். நான் போனேன். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் கண்ணாஸ்பத்திரிக் காகிதங்கள்.

"எல்லாம் இங்கிலீஷ்ல கீது. இன்னா எழுதிகீறாங்கன்னு படிச்சுச் சொல்லும்மா" என்றார்.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் படித்தேன். வலது கண்ணில் நிலைமை மோசமாகவில்லை. சர்க்கரை குறைந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். ஒரு சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு வேறொன்று எழுதியிருக்கிறார்கள். இவர்கள் இரண்டையும் விட்டுக்கொண்டிருந்தார்கள். எதை நிறுத்த வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

"அவருக்குத் தெரியாது நான் இங்க வந்தது" என்றார் அவர் மனைவி. "பக்கத்து ஊட்ல படிச்ச பசங்க கீதுங்க. இருந்தாலும் உன்கிட்டயே கேக்கலாம்னு நானாதான் வந்தேன்."

தலையாட்டினேன். அவர் தாள்களை அடுக்கி உறைக்குள் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார். அவர் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அண்ணன்தான் அனுப்பியிருப்பார் என்று ஒரு சந்தேகம். எடைமேடை அங்கிருந்து ஐம்பதடி தூரம்தான், அவர் அப்போது ஷிப்டில்தான் இருந்தார். போய்க் கேட்டிருக்கலாம். லேபில் ஒரு சாம்பிள் காத்திருந்தது, உள்ளே போய்விட்டேன்.